பலகை நட்டால் குளம் பிழைக்குமா?

"நஞ்சராயன் குளந்தான் ராம்சார் ஆயிருச்சுங்களே, அப்புறம் என்னங்க?" என்று கேட்கிறார்கள். காலை நடையில் கேட்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள். படித்தவர்கள், நல்லவர்கள், குளம் குட்டை மேல் அக்கறை உள்ளவர்கள்தான் கேட்கிறார்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கறை இல்லாதவரிடம் நான் வாதம் செய்வதை விட்டுப் பல வருஷமாயிற்று.

அப்புறம் என்னவா? அப்புறம்தான் எல்லாமே இருக்கிறது.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் போய் உள்ளே திரும்பினால் சர்க்கார் பெரியபாளையம். சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கும் அதே ஊர். அந்த ஊரையும் நெருப்பெரிச்சலையும் ஒட்டிக் கிடக்கிறது குளம். பரப்பு 125.86 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 311 ஏக்கர். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தை ஆண்ட நஞ்சராயன் என்ற அரசர் செப்பனிட்டதால் இந்தப் பெயர் என்பார்கள். 2022-ல் இது தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்ட் 14 அன்று ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. அரசு வெளியிட்ட கணக்குப்படி இங்கே 191 வகைப் பறவைகள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள், 77 வகைச் செடிகொடிகள். பாம்பு, ஓணான் வகையறா 21. தவளை இனம் 7.

இதில் எனக்கும் பெருமைதான். பட்டைத்தலை வாத்து என்று ஒன்று. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்டிருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் பறவை. அது பனியன் கம்பெனிப் புகைக்கு நடுவே இந்தக் குளத்தைத் தேடி வந்து இறங்குகிறது என்றால் நம் ஊருக்கு எவ்வளவு பெரிய கௌரவம்! நம் சொந்தக்காரர்களே திருப்பூர் டிராஃபிக்குக்குப் பயந்து விசேஷத்துக்கு வர யோசிக்கிறார்கள்.

ஆனால் ராம்சார் என்றால் என்ன என்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. ராம்சார் என்பது இரானில் காஸ்பியன் கடலோரம் உள்ள ஓர் ஊர். (ராமசாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, என்னிடமே ஒருவர் கேட்டார்.) 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கே கூடிப் பல நாடுகள் ஈரநிலங்களைக் காப்பதாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1982-ல் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 20 இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு 2022-லேயே சேர்ந்துவிட்டது. நல்லது. ஆனால் அந்த உடன்படிக்கைக்குப் போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. "இந்த இடத்தின் தன்மை கெடாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு நாடு ஊரறியக் கொடுக்கும் வாக்குறுதி, அவ்வளவுதான். நிச்சயதார்த்தம் மாதிரி. நிச்சயம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் கல்யாணத்தை யார் நடத்துவது?

குளத்தின் உயிர் பலகையில் இல்லை, வேலியில் இல்லை, கரையில் போடும் கல் பெஞ்சில் சத்தியமாக இல்லை. அது வரும் தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது. நஞ்சராயன் குளத்துக்கு அந்த வழியின் பெயர் நல்லாறு.

நல்லாறு எனக்குத் தெரிந்த ஆறு. என் அமுச்சி ஊர் திருமுருகன்பூண்டிக்கு மேற்கே. கோடை லீவுக்கு அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். சித்திரையில் ஆற்றில் ஓடுகிற தண்ணீர் நின்றிருக்கும். ஆனால் மணலில் முழங்கை ஆழம் கையால் பறித்தால் ஊத்து சுரக்கும். முதலில் கலங்கல். அதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். சின்னச் சொம்பில் மொண்டு குடத்தை நிரப்பி, வாயில் துணி கட்டி, அமுச்சி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும். குடித்தால் லேசாக மண் வாசம் இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் எல்லோரும் குடித்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாய்ந்தால் அதே குழிக்குக் காடை கவுதாரி வரும், ஆட்டுக்குட்டி வரும்.

திருமுருகன்பூண்டி யாருக்குத் தெரியாது? சேரமான் கொடுத்த பொன்னையும் பொருளையும் கொண்டுவந்த சுந்தரரை வேடர்கள் வழிமறித்துப் பிடுங்கிக்கொண்ட ஊர். சிவன் அனுப்பிய பூதகணங்கள்தான் வேடராக வந்தன, பிறகு எல்லாம் திரும்பக் கிடைத்தது என்று புராணம் சொல்லும். இன்றைக்கு அங்கே நல்லாற்றையே வழிப்பறி செய்தாயிற்று. இது பூதகணங்கள் செய்த வேலை இல்லை. திரும்பக் கொடுப்பதாகவும் யாரும் சொல்லவில்லை.

நம் கொங்கு நாட்டு மண்ணுக்கு ஒரு குணம் உண்டு, விவசாயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே கொஞ்சம் செம்மண்ணும் சுக்காங்கல்லும், கீழே கரும்பாறை. பாறைக்குள்ளே தண்ணீர் தேங்க இடம் கிடையாது, வெடிப்பில்தான் ஓடும். கிணறு வெட்டியவர்கள் "வடகிழக்கு மூலையில ஊத்து அடிக்குது" என்று சொல்வது அந்த வெடிப்பைத்தான். அந்த ஊத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே எங்கேயோ ஒரு குளமோ குட்டையோ பள்ளமோ நனைந்து கிடப்பதால் வருகிறது. "கொளத்துல தண்ணி நின்னாக் கெணத்துல ஊத்து எடுக்கும்" என்று அப்புச்சி சொல்வார். நம் குளங்கள் நம் ஊத்துகளின் தாய். குளத்தில் நல்ல தண்ணீர் நின்றால் கிணற்றில் நல்ல தண்ணீர். சாயமும் சாக்கடையும் நின்றால் கிணற்றிலும் அதுவேதான். பாறை வெடிப்புக்கு வடிகட்டத் தெரியாது.

இப்போது என் காலை நடை நண்பரின் அடுத்த கேள்விக்கு வருகிறேன். "தண்ணி கெட்டுப்போச்சுன்னாக் குருவி வருமுங்களா? வந்துட்டுத்தானுங்க இருக்குது!"

ரொம்பப் பேர் ஏமாறும் இடம் இதுதான். சாக்கடை கலந்த தண்ணீரில் பாசி கொழிக்கும். பாசி இருந்தால் புழு பூச்சி பெருகும், ஜிலேபிக் கெண்டை பெருகும். அதைத் தின்னப் பறவை வரும். பவளக்காலி என்று நீண்ட சிவப்புக் கால்களோடு நிற்குமே, அது சாக்கடை வாய்க்காலிலும் கூசாமல் மேயும். நீர்க்காகமும் நாமக்கோழியும் நூற்றுக்கணக்கில் கூடும். பார்க்கிறவருக்கு "ஆஹா, எத்தனை பறவை!" எண்ணிக்கையைப் பார்த்துக் குளம் நலமென்று சொல்வது, ஓட்டல் வாசலில் கூட்டத்தைப் பார்த்துச் சமையல்கட்டு சுத்தம் என்று சொல்வது போல.

இப்படிப்பட்ட தண்ணீரில் ஒருநாள் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு ராஜஸ்தான் சாம்பர் ஏரியைப் பாருங்கள். அது 1990-லேயே ராம்சார் ஆன இடம். 2019 நவம்பரில் அங்கே சுமார் 18,000 பறவைகள் சில வாரங்களில் செத்து விழுந்தன. காரணம் பாட்டுலிசம் என்ற நச்சு. காற்றில்லாத சேற்றில், செத்தழுகும் உடல்களில் பெருகும் ஒரு கிருமி உண்டாக்கும் விஷம் அது. செத்த பறவையில் புழு வைக்கும், அந்தப் புழுவைத் தின்ற பறவையும் விழும். சாம்பர் உப்பு ஏரி, அதன் கதை வேறு, நம்முடையது வேறு. அது எனக்கும் தெரியும். ஆனால் ராம்சார் பட்டியலில் பெயர் இருப்பது அங்கே ஒரு பறவையைக்கூடக் காப்பாற்றவில்லை என்பதற்கு இது போதும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. படித்துப் பார்த்தால் சிரிப்பு வரும், அப்புறம் வயிறு எரியும். 2017-ஆம் வருஷத்து ஈரநிலப் பாதுகாப்பு விதிகளில் எது ஈரநிலம் என்று ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஆற்று வழி, நெல் வயல், குடிநீருக்காக மனிதர் வெட்டிய நீர்நிலை, பாசனத்துக்காகக் கட்டப்பட்டது, எல்லாவற்றையும் விலக்கிவிட்டார்கள். அதாவது நொய்யலில் அணை போட்டு, வாய்க்கால் வெட்டி, நம் முன்னோர் வரிசையாக உண்டாக்கினார்களே, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர், சூலூர், இவையெல்லாம் பாசனக் குளங்கள். ஆகவே அந்த விளக்கப்படி ஈரநிலமே இல்லை! கூழைக்கடாவுக்கும் நத்தைக்கொத்தி நாரைக்கும் இந்த விதியை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தால் அவை இங்கே வருவதை நிறுத்தியிருக்கும்.

நஞ்சராயன் குளத்துக்கு இதில் ஒரு நன்மை உண்டு. ராம்சார் பட்டியலில் வந்துவிட்டால் அந்த விதிகள் அங்கே செல்லும். சுத்திகரிக்காத கழிவை விடக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது, கடந்த பத்து வருஷத்துச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. நண்பர்கள் கொண்டாட வேண்டியது இதைத்தான், பலகையை அல்ல. அந்த 50 மீட்டரிலும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா என்று தெரியவில்லை. படகுத் துறை கட்டிக்கொள்ளலாம். பறவைக்கு இல்லாத சலுகை படகுக்கு.

ஆனால் கழிவு குளத்தின் எல்லைக்குள்ளா பிறக்கிறது? அது அவிநாசிப் பக்கமிருந்து நல்லாற்றிலேயே வருகிறது, வழியில் கலக்கிறது. 311 ஏக்கருக்குக் காவல் போட்டுவிட்டு அதன் தொண்டையைத் திறந்து விட்டிருக்கிறோம். இதைப் பற்றிக் கேட்க நானே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "பறவை எங்களுதுங்க, தண்ணி எங்களுது இல்லீங்க" என்றார்கள். இன்னோர் இடத்தில், தண்ணீர் எங்களுடையது, அதில் கலக்கும் சாக்கடை எங்களுடையது அல்ல என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கிக்கொண்டு சீல் வைத்துக் கொடுத்தார்கள். சீல் தெளிவாக விழுந்திருந்தது. வனத்துறை, நீர்வளத்துறை, உள்ளாட்சி, மாசுக் கட்டுப்பாடு என்று ஒரே தண்ணீரை நான்கு ஃபைலில் பிரித்து வைத்திருக்கிறோம். நத்தைக்கொத்தி நாரை எந்த ஃபைலில் மேயும்?

பரத்பூர் கேவலாதேவ் சரணாலயத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உலகப் புகழ் பெற்ற இடம். 1981-ல் ராம்சார், பிறகு தேசியப் பூங்கா, 1985-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இதற்கு மேல் பட்டம் இல்லை. 1982-ல் அங்கே கிராமத்து எருமைகள் உள்ளே மேயக் கூடாது என்று தடுத்தார்கள். தகராறு முற்றித் துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போயின. எருமைகளை விரட்டியபின் என்ன ஆயிற்று? அவை தின்று அடக்கி வைத்திருந்த நீர்ப்புல் தறிகெட்டு வளர்ந்து தண்ணீரை மூடியது. பறவைக்கு இறங்க இடமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆராய்ச்சி அதைத்தான் சொன்னது. அந்த ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் வி.எஸ். விஜயன்தான் பிறகு நம் ஆனைகட்டியில் சாலிம் அலி மையத்தின் முதல் இயக்குநராக இருந்தார். அப்புறம் மேலே பாஞ்சனா அணையில் தண்ணீரை நிறுத்திக்கொண்டார்கள், பூங்கா காய்ந்தது. சைபீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெண்கொக்குகள் கடைசியாக அங்கே தெரிந்தது 2002-ல். அந்தக் கொக்குகள் குறைந்ததற்கு வரும் வழியில் நடந்த வேட்டையும் காரணம் என்பார்கள். ஆனால் தண்ணீர் இல்லாத சரணாலயத்துக்குப் பெயர் என்னவாக இருந்தால் என்ன?

பரத்பூரிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. தண்ணீரின் சாவி மேலே யாரிடமோ இருந்தால் கீழே எந்தப் பட்டமும் பயனில்லை. அடுத்தது, காவல் என்ற பெயரில் ஊர்க்காரனை விரட்டுவதும் காப்பது ஆகாது. நம் குளங்களைக் காலம் காலமாக வைத்திருந்தது யார்? கோடையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்த விவசாயி, கோரை அறுத்தவர், ஆடு மாடு மேய்த்தவர், மீன் பிடித்தவர், மதகு திறந்து மூடிய மடைக்காரர். வெள்ளோட்டுப் பக்கத்துக் கிராமங்களில் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்த விதியும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

கொங்கு நாட்டில் தண்ணீரை மீட்டவர்கள் யார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பறவை ஆர்வலர்களையும் என்னைப் போல் கேமராவைத் தூக்கித் திரியும் ஓய்வுபெற்றவர்களையும் நான் சொல்லவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள். 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் அதில் வந்து தேங்கி, பாசன அணை சாய அணை ஆயிற்று. காங்கயம், கொடுமுடிப் பக்கம் வரை நிலம் கெட்டது, கிணறு கெட்டது, இளநீர் உப்புக் கரித்தது என்று அங்கேயுள்ள உறவினர்கள் அழுதார்கள். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் உயர்நீதிமன்றம், சாயக் கழிவு ஒரு சொட்டுகூட ஆற்றில் விழக்கூடாது என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. 2009-ல் உச்சநீதிமன்றமும் சாய ஆலைக்காரர்களின் முறையீட்டை ஏற்கவில்லை. அப்படியும் கேட்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேல் பட்டறைகள். மின்சாரத்தைத் துண்டித்தார்கள்.

அந்த வருஷம் திருப்பூரில் எத்தனை குடும்பங்கள் திண்டாடின என்பதை நான் மறக்கவில்லை. என் தங்கை மாப்பிள்ளை செக்கிங் மேஸ்திரி. மாசக்கணக்கில் வேலை இல்லை. "குளத்துக் கொக்குக்காக எங்க வவுத்துல அடிக்கறீங்களா மச்சான்?" என்று என்னிடமே கோபப்பட்டார். அவர் கோபம் நியாயம். ஆனால் அவரை அந்த நிலைக்குத் தள்ளியது கொக்கு இல்லை. இருபது வருஷம் கழிவை ஆற்றில் விட்டுச் சம்பாதித்து, சுத்திகரிக்கும் செலவை ஆயக்கட்டுக்காரன் தலையில் கட்டிய கணக்குதான். அந்த உத்தரவுக்குப் பிறகு திருப்பூர் அழிந்தா போனது? தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. இன்றைக்கு வெளிநாட்டுக்காரனிடம் அதைச் சொல்லியே ஆர்டர் வாங்குகிறார்கள். கள்ளத்தனமாக இரவில் திறந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்ற புகார் நின்றபாடில்லை. மழை பெய்தால் நுரை வருகிறது. அது வேறு சண்டை, அதையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்துவது சாயம்கூட இல்லை, அழகு. கோயம்புத்தூர்க்காரன் நான், கண்ணால் பார்த்தவன். 2013-ல் உக்கடம் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. அது ஒரு காலம். அதன்பின் 2016-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் முதல் வரிசையில் நம் ஊர் வந்தது. குளங்களுக்கு நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க எழுத்துகள், வாலாங்குளத்தில் படகு, குறிச்சிக் குளத்தில் தமிழெழுத்தால் ஆன திருவள்ளுவர் சிலை. சாயங்காலம் குழந்தைகளோடு போய் உட்கார இடம் வேண்டாமா என்றால், வேண்டும்தான். நானும் போய்ப் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறேன். ஊருக்குள் நான்கைந்து குளம் அப்படி ஆனதை இனி என்ன சொல்ல. அதே கையோடு நஞ்சராயன் குளத்துக்கும் படகு விடலாமே, கலர் லைட் போடலாமே என்று பேச்சு அடிபடும்போதுதான் எனக்குத் தூக்கம் போகிறது.

குளத்தின் கரை ஓரம்தான் அதன் சமையலறை. நடுக்குளத்து ஆழத்தில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் வேலை பார்க்கும். மற்றவை எல்லாம் ஓரத்தை நம்பியவை. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வாலைத் தூக்கித் தலையைக் கவிழ்த்து மேய முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். அதற்கு மேல் எட்டாது. கொசு உள்ளான் என்று ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும், ஆர்க்டிக் குளிரிலிருந்து வருகிறது. அதற்கு வேண்டியது தண்ணீர்கூட இல்லை, ஈரச் சேறு. பட்டாணி உப்புக்கொத்தி, வாலாட்டி, பச்சைக்காலி எல்லாம் அந்தச் சேற்றோரத்து ஜனங்கள். நீலத் தாழைக்கோழிக்குக் கோரைப் புதர் வேண்டும். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால் இந்தச் சரிவு போயிற்று, சேறு போயிற்று, கோரை போயிற்று. அப்புறம் 191 என்ற எண்ணைப் பலகையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதே காரணத்தால், குளம் எப்போதும் தளும்பியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ராம்சார் அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், 2024 ஆகஸ்ட் 17, அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். பவானி உபரித் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்கு. மூன்று தலைமுறை கேட்டுக் கேட்டு வந்த திட்டம். அன்று நானும் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். ஊத்து பெருகட்டும், கிணறு நிறையட்டும். ஆனால் குளம் என்பது தண்ணீர்த் தொட்டி அல்ல. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, தையில் இறங்கி, பங்குனியில் ஓரம் தெரிந்து, சித்திரையில் வெடித்துக் கிடந்து, மறுபடி நிறைவது அதன் மூச்சு. இறங்கும்போதுதான் சேறு வெளிப்படும். உள்ளான்கள் வடக்கே திரும்புமுன் கொழுப்புச் சேர்த்துக்கொள்வது அந்தச் சேற்றில்தான். காயும்போது ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அடங்கும், ஆகாயத்தாமரை கருகும், வண்டல் எடுக்கலாம். வருஷம் முழுக்கத் தளும்பினால் படத்துக்கு அழகு, அவ்வளவுதான். நஞ்சராயன் குளத்தில் கோடையிலும் நீர் நிற்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்களே, நல்லாற்றில் கோடையில் வருவது என்ன தண்ணீர் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் அந்தப் பெருமை நிற்குமா?

ஆகவே நான் கேட்பது பெரிய தொகையோ புதிய பலகையோ இல்லை. அவிநாசியிலிருந்து குளம் வரை நல்லாற்றின் இரு கரையையும் அளந்து கல் நட வேண்டும். அதில் விழும் ஒவ்வொரு வாய்க்காலும் யாருடையது, அதில் என்ன வருகிறது என்று எழுதி, ஊர் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். குளத்துக்குள் நுழையும் இடத்தில் மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து முடிவைப் பறவைக் கணக்கு போடும் அதே பலகையில் போட வேண்டும். 191-க்குப் பக்கத்தில் உப்பு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்ற எண்ணும் இருக்கட்டும். நான்கு துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, அந்த மேசையில் ஆயக்கட்டு விவசாயிக்கும் மீன்பிடிப்பவருக்கும் நாற்காலி போட வேண்டும். படகு கூடாது. இரவு விளக்கு கூடாது. கல் பதித்த கரை, மதகும் கலங்கலும் இருக்கும் இடம் தவிர வேறெங்கும் கூடாது.

"இதெல்லாம் நடக்கிற காரியமுங்களா?" என்று நண்பர் கேட்பார், தெரியும். சாயப்பட்டறை விஷயத்திலும் 1990-களில் இதையேதான் சொன்னார்கள். ஆயக்கட்டுதாரர்கள் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் வந்தார்கள், வாய்தா மேல் வாய்தாவாக. அவர்களில் பலரும் அப்போதே நம் வயதைத் தாண்டியவர்கள். நமக்கு மூட்டு வலி இருக்கிறது, சரி. கிராம சபை உள்ளூரிலேயே நடக்கிறது, நாற்காலி போட்டுத்தான் நடத்துகிறார்கள். சர்க்கார் பெரியபாளையம், நெருப்பெரிச்சல் பக்கம் சொந்தபந்தம் இருப்பவர்கள், பூண்டி, அவிநாசியில் வீடு இருப்பவர்கள், ஒருவர் ஒரு மனு எழுதினால்கூட அந்த ஃபைல்கள் கொஞ்சம் கனக்கும்.

கார்த்திகை முதல் தை வரை போய்ப் பார்க்க நல்ல காலம். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் வாத்துகள் நடுக்குளத்துக்கு ஒதுங்கிவிடும். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஃபோனில் பாட்டு வேண்டாம். பறவை பார்த்து முடித்ததும் பலகை முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், கரையோடு நடந்து நல்லாறு உள்ளே வரும் இடத்துக்குப் போங்கள். ஐந்து நிமிஷம் நின்று தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், மூக்கைத் திறந்து வையுங்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். மூன்றாவது அலுவலகத்துக்கு நான் மறுபடி போகவேண்டியிருக்கிறது.